அலாரம் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றியவைதான். ஒன்று மட்டும் பிள்ளையே எழுதியது, அதுதான் இருப்பதிலேயே தெளிவான கடிதம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். காலையில் ஐந்து தடவை எழுப்பினால்தான் எழுவான். பை அடுக்குவது, சீருடை எடுத்து வைப்பது, வீட்டுப்பாடத்தை ஞாபகப்படுத்துவது எல்லாம் நான்தான். நான் ஒரு நாள் இல்லாவிட்டால் இவன் என்ன ஆவான் என்று பயமாக இருக்கிறது. பொறுப்பு எப்போதுதான் வரும்? – ஒரு தாய்

பதில்: நீங்கள் இல்லாத அந்த ஒரு நாளை நீங்கள் இருக்கும்போதே வரவழைத்துப் பார்த்தால் என்ன? எங்கேயும் போக வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். அலாரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுப்பாமல் மட்டும் இருங்கள். எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது, செய்யும்போது வயிற்றைக் கலக்கும் என்று எனக்கும் தெரியும்.

அதற்கு முன்னால் பையனுக்காக நான் கொஞ்சம் வக்காலத்து வாங்க வேண்டியிருக்கிறது. காலையில் எழ முடியாததெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை. பருவ வயது தொடங்கியதும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு முன்பைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் ஏறும். பத்து வயதில் ஒன்பது மணிக்கே கண் சொக்கிய பிள்ளைக்குப் பதினான்கு வயதில் பதினொன்றானாலும் தூக்கம் வராது. ஆனால் தேவைப்படும் தூக்கம் அவ்வளவாகக் குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் எத்தனை மணி நேரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காலை 8.30-க்கு முன்னால் பள்ளி தொடங்கக் கூடாது என்று 2014-லேயே கேட்டது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே ஆகிவிட்டது. உங்கள் மகன் பள்ளியின் மணியை நாம் மாற்ற முடியாது. இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறும்படி மாற்றலாம், அப்பா அம்மா போனும் சேர்த்து. அவனுக்கு மட்டும் சட்டம் போட்டால் அன்றிரவே தோற்றுவிடும்.

சரி, இப்போது உங்கள் பக்கம். நானும் இதே தவறைச் செய்தவள்தான். ஆசிரியையாக இருந்துகொண்டே, என் மகன் மறந்துவிட்டுப் போன செய்முறை நோட்டை எடுத்துக்கொண்டு அவன் பள்ளிக்கு ஓடியிருக்கிறேன், ஒரே மாதத்தில் மூன்று தடவை. மூன்றாவது தடவை என் வகுப்புக்கு நானே தாமதமாகப் போய் நின்றபோது, என்னைவிட மூத்த சக ஆசிரியை ஒருவர் கேட்டார்: “அவனுக்கு மறதின்னு யார் சொன்னது? ஞாபகம் வெச்சுக்கத்தான் அவன் ஒரு ஆளைப் போட்டிருக்கானே.” எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆளுக்குச் சம்பளமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

ஒரு விடுமுறை நாள் மாலையில், சண்டை எதுவும் நடக்காத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். “இத்தனை நாள் எழுப்புவது என் வேலையாக இருந்தது, இனி உன் வேலை, உனக்கு என்ன வேண்டும், சத்தமான அலாரமா, இரண்டு அலாரமா?” அவ்வளவுதான். தண்டனை மாதிரி தொனிக்கக் கூடாது. ஒரே நாளில் பை, சீருடை, வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் தூக்கி அவன் தலையில் போடாதீர்கள், முதலில் அலாரம் மட்டும். அவன் வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷமாகவே ஒத்துழைப்பார்கள். முதல் வாரம் புதுமைக்காகவே எழுந்துவிடுவான். இரண்டாவது வாரம்தான் சோதனை, அவனுக்கு இல்லை, உங்களுக்கு. மணி ஏழே கால் ஆகியிருக்கும், உள்ளே குறட்டைச் சத்தம் கேட்கும், உங்கள் கை கதவைத் தட்டப் போகும். தட்டாதீர்கள். தாமதமாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வரட்டும். வந்ததும் “நான்தான் அப்பவே சொன்னேனே” என்ற வசனத்தைச் சொல்லாமல் விழுங்குவது இருக்கிறதே, எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. அதைச் சொன்ன நிமிடமே அவன் கவனம் தன் தாமதத்தை விட்டுவிட்டு உங்கள் மேல் திரும்பிவிடும்.

பொதுத்தேர்வு நாளில் எழுப்பிவிடுங்கள். அன்றைக்கும் பாடம் கற்பிக்கிறேன் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். அப்புறம் இன்னொன்று. நாள் முழுக்கத் தூக்கம், பிடித்த விளையாட்டில்கூட ஈடுபாடில்லை, நண்பர்களைப் பார்ப்பதில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் அது பொறுப்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டிய விஷயம்.

கேள்வி: மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். பெயர் பெற்ற பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தே போகிற தூரத்தில் சுமாரான பள்ளி ஒன்று இருக்கிறது. கிடைத்த இடத்தை விட்டுவிடாதே என்கிறார்கள் உறவினர்கள். – ஒரு தந்தை

பதில்: உறவினர்கள் யாரும் அந்தப் பேருந்தில் உட்காரப் போவதில்லை.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். வருடத்துக்கு 200 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 600 மணி நேரம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஏழு வருடத்துக்கு 4,200 மணி நேரம், அதாவது ராத்திரி பகல் பாராமல் 175 நாள் வண்டியிலேயே இருந்ததற்குச் சமம். அந்த நேரம் வேறெங்கிருந்தும் வராது, தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் உங்களோடு உட்கார்ந்து வெட்டிப் பேச்சு பேசும் நேரத்திலிருந்தும்தான் போகும். கடைசியில் சொன்னது போனால் என்ன நஷ்டம் என்று அவளுக்குப் பதினைந்து வயதாகும்போது தெரியும்.

பள்ளியின் பெயருக்கு நாம் தருகிற மதிப்பு கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் லட்சக்கணக்கான மாணவர்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பள்ளிக்கட்டடம், ஆய்வகம், செலவழிக்கும் பணம் இவற்றிலிருக்கும் ஏற்றத்தாழ்வைவிட, பிள்ளை வரும் குடும்பத்தின் பின்னணிதான் மதிப்பெண் வித்தியாசத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்று அது சொன்னபோது பலருக்கும் அதிர்ச்சி. அதன் கணக்கு முறைகளைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது, அது வேறு கதை. 2000-லிருந்து பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் பீசா தேர்விலும் இதே மாதிரி ஒன்று தெரிகிறது: தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் குடும்ப வசதியைக் கணக்கில் எடுத்துக் கழித்தால் அந்த முன்னிலை பெருமளவு கரைந்துவிடும். முதலிடம் வாங்கக்கூடிய பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு முதலிடம் காட்டுகிற பள்ளிகள் எல்லா இடத்திலும் உண்டு.

பள்ளி ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்குள் இருக்கும் ஆசிரியர் ஒரு பெரிய பொருட்டு. ஒரே பள்ளியின் இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் பல சமயம் இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் இருப்பதைவிட அதிகம். அதனால் இரண்டு பள்ளிக்கும் நேரில் போங்கள். வாசலில் தொங்கும் முதல் மதிப்பெண் பேனரைப் பார்க்காதீர்கள், போன வருடம் கடைசியில் நின்ற பத்துப் பிள்ளைகளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். உருப்படியான பதில் வந்தால் நல்ல பள்ளி, “அப்படி யாரும் எங்களிடம் இல்லை” என்றால் அவர்களைக் கழித்துக் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டு வருடத்தில் எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று விசாரியுங்கள். கழிப்பறையை எட்டிப் பாருங்கள், தயவுசெய்து இதைக் கேவலமாக நினைக்காதீர்கள், ஏழாம் வகுப்பிலிருந்து பெண்பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவள் அம்மாவைக் கேளுங்கள். நூலகத்தில் புத்தகம் கிழிந்திருந்தால் நல்லது, புத்தம் புதிதாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மணியடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் வாசலில் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள், அந்த முகங்கள் சொல்லும்.

மகளையும் கூட்டிப் போங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று உண்மையாகவே கேட்க வேண்டும், ஆனால் முடிவு உங்களுடையது. பதினொரு வயதுப் பிள்ளை தலையில் அந்தப் பாரத்தை ஏற்றிவிட்டு நாளைக்கு “நீதானே கேட்டாய்” என்று சொல்லக் கூடாது. நீங்கள் சொல்லும் சுமார் என்ன சுமார் என்று எனக்குத் தெரியவில்லை. அடிக்கிறார்கள், கணக்குக்கு ஆசிரியரே இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். ஊரில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் குறை என்றால், என் ஓட்டு நடந்து போகிற பள்ளிக்கு.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 15 வயது. நான் தூங்கியதும் அம்மா என் போனை எடுத்து எல்லா மெசேஜையும் படிக்கிறார். கேட்டால் உன் நல்லதுக்குத்தான் என்கிறார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. இப்போது என் ஃப்ரெண்டுக்குக்கூட எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. நான் என்ன செய்வது? – ஒரு மாணவி

பதில்: கண்ணு, உனக்குக் கோபம் வருவது நியாயம்தான். போனை மாற்றி மாற்றிப் பூட்டுவதால் எதுவும் சரியாகாது, இரண்டு பேருக்கும் பூட்டுத் திறக்கும் திறமைதான் வளரும்.

அம்மா களைத்துப் போயில்லாத ஒரு நேரம் பார்த்து, “ஏன் படித்தீர்கள்” என்று கேட்காமல், “எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்” என்று கேட்டுப் பார். பதில் உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அம்மாவின் பயத்தைச் சும்மா என்று தள்ளிவிடவும் முடியாது, அரசாங்கங்களுக்கே அந்தப் பயம் வந்திருக்கிறது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை அந்த நிறுவனங்களே தடுக்க வேண்டும் என்ற சட்டம் ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. அதனால் அம்மாவிடம் ஒரு ஒப்பந்தம் பேசு. முன்பின் தெரியாதவர் பேச ஆரம்பித்தால், யாராவது போட்டோ கேட்டால், மிரட்டினால், அன்றைக்கே சொல்லிவிடுவேன், அதற்குப் பதிலாக என் தோழிகளோடு நான் பேசுவதை நீங்கள் படிக்க வேண்டாம், மூன்று மாதம் பார்ப்போம் என்று சொல். சொன்னால் சொன்னபடி நட. மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது நீயாகப் போய், சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றைச் சொல். உன் பக்கமே தப்பு இருந்தாலும், மிரட்டல் என்று வந்துவிட்டால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதே, அது மட்டும் எனக்காக.

இனி உன் அம்மாவுக்கு. இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி எங்காவது வைத்துவிடு.

அம்மா, 2000-ல் ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் வைத்து ஒன்றைத் தோண்டிப் பார்த்தார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். எல்லோரும் அதைக் கண்காணிப்பின் பலன் என்றே நினைத்திருந்தார்கள். அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது என்று இவர்கள் பார்த்தார்கள். துருவித் துருவிக் கேட்டதாலோ கட்டுப்பாடு போட்டதாலோ தெரிந்தது கொஞ்சம்தான், பெரும்பகுதி பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொன்னதால் தெரிந்தது. உங்கள் மகள் கடைசியாகத் தானாக வந்து உங்களிடம் ஒன்றைச் சொன்னது எப்போது? தூங்கியபின் போனை எடுப்பதால் நீங்கள் தெரிந்துகொள்வது நாலு மெசேஜ். அதற்கு விலையாக அந்தச் சொல்லும் வாய் மூடிக்கொள்கிறது.

பத்து வயதுப் பிள்ளையின் போனைப் பார்க்கலாம், பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்க்கலாம். வயது ஏற ஏற அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு, பெரியவர் யாராவது ரகசியமாகத் தொடர்பு வைத்திருப்பது போன்ற நிஜமான ஆபத்தின் அடையாளம் தெரிந்தால் பாருங்கள், பார்த்ததை அவளிடமே சொல்லிவிடுங்கள். திருட்டுத்தனமாகப் பார்ப்பது மட்டும் வேண்டாம், அதை அவளும் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்வாள்.

கேள்வி: பேரனுக்குப் பதினாறு வயது. எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு என்று எதிர்த்துப் பேசுகிறான். நாங்கள் எல்லாம் அப்பா முன்னால் நிமிர்ந்து நின்றது கிடையாது. அடியாத மாடு படியாது என்று சொன்னால் மகனும் மருமகளும் என் மேல் பாய்கிறார்கள். – ஒரு தாத்தா

பதில்: ஐயா, மாடு படிந்தால் போதும், ஏனென்றால் அதன் கயிற்றைப் பிடிக்கக் கடைசி வரை ஒரு ஆள் இருப்பார். பேரனுக்கு அப்படி யார் இருக்கப் போகிறார்கள்? அதே பெரியவர்கள்தானே தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்றும் சொல்லி வைத்தார்கள், அதை ஏனோ நாம் யாரும் அவ்வளவாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அவன் வீட்டில் வாதம் பண்ணுவது வெளியில் அவனுக்குப் பயன்படும் என்று சொன்னால் நம்புவீர்களா? அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலனும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அம்மாவோடு கருத்து வேறுபாடு வந்தபோது காரணம் சொல்லி, சட்டென்று பணிந்துவிடாமல் பேசிய பிள்ளைகள், போதைப்பொருள் விஷயத்தில் நண்பர்களின் வற்புறுத்தலுக்கு அவ்வளவு சுலபமாக மசியவில்லை என்று கண்டார்கள். யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகிய பிள்ளை வெளியே போனதும் திடீரென்று மாட்டேன் என்று சொல்ல எங்கே கற்றுக்கொள்ளும்? இந்த வயதில் நண்பர்கள் பக்கத்தில் இருந்தாலே நிலைமை வேறு. 2005-ல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக விளையாடியதைவிட மிக அதிகமாக ஆபத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசமே பெரிதாக இல்லை. பேரனுக்கு எது ஆபத்து என்று தெரியாமல் இல்லை ஐயா, நாலு பேர் பார்க்கும்போது வேண்டாம் என்று சொல்லும் தைரியம்தான் இன்னும் முளைக்கவில்லை. அதை அவன் உங்களிடம்தான் பழகிப் பார்க்கிறான், நீங்கள் அடிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

அதற்காக மரியாதை இல்லாமல் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என்ன சொல்கிறான் என்பதற்குக் கதவைத் திறந்து வையுங்கள், எப்படிச் சொல்கிறான் என்பதில் கறாராக இருங்கள். “குரலைக் குறைத்துச் சொல், கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கேளுங்கள். அவன் சொல்வது நியாயமாக இருந்தால் எப்போதாவது ஒரு தடவை தோற்றுப் போங்கள், வீட்டில் அதற்கப்புறம் உங்கள் சொல்லுக்கு எடை கூடும். 1960-களில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் குடும்பங்களைக் கவனித்துப் பிரித்துக் காட்டியதும் இதைத்தான்: வெறும் கண்டிப்பு ஒரு வகை, இஷ்டத்துக்கு விடுவது ஒரு வகை, கண்டிப்போடு காரணமும் பாசமும் சேர்ந்தது மூன்றாவது வகை, பிள்ளைகள் நன்றாக வந்தது மூன்றாவதில். பிள்ளைகளை அடிப்பதை 1979-ல் சட்டமாகவே தடுத்த முதல் நாடு ஸ்வீடன், இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தச் சட்டம் இருக்கிறது. மகனும் மருமகளும் பாய்வதற்குக் காரணம் இருக்கிறது, அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நல்ல மதிப்பெண் எடுத்தால் சைக்கிள், இன்னும் நல்ல மதிப்பெண் எடுத்தால் போன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சரியா?

பதில்: ஒரு தடவை வேலை செய்யும். அப்புறம் ஏலம் ஏறிக்கொண்டே போகும். 1973-ல் மார்க் லெப்பரும் சகாக்களும், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமாக இருந்த சின்னப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசு இல்லாமல் பேனாவை வைத்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதி நேரம்தான் வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த பிள்ளைகளிடம் ஆர்வம் குறையவில்லை. ஆகவே சைக்கிள் தேவையென்றால் சைக்கிளாகவே வாங்கிக் கொடுங்கள். நன்றாகப் படித்த சந்தோஷத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் எங்காவது கூட்டிப் போங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மகன் தினமும் ஐந்து மணி நேரம் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். ஏமாற்றவில்லை, நான் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறேன். மதிப்பெண் மட்டும் வருவதில்லை. அவனுக்கு மூளை அவ்வளவுதானா?

பதில்: அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் காதில் விழும்படி சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவன் எப்படிப் படிக்கிறான் என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் திரும்பத் திரும்ப வாசிப்பான், வண்ணப் பேனாவால் கோடு போடுவான். நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அதுதான் வில்லங்கம். கண்ணுக்குப் பழகிவிட்டதை மனதில் ஏறிவிட்டதாக நாம் எல்லோருமே நினைத்துக்கொள்கிறோம். 2006-ல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் செய்த சோதனையில், ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தை மறுபடி மறுபடி வாசித்தார்கள், இன்னொரு பகுதியினர் வாசித்தபின் மூடி வைத்துவிட்டு ஞாபகம் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆக, ஐந்து மணி நேரத்தை மூன்றாகக் குறையுங்கள். இருபது நிமிடம் வாசிப்பு, புத்தகத்தை மூடு, வெற்றுத்தாளில் ஞாபகம் இருப்பதை எழுது, திறந்து பார்த்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர். மறுநாளும் மூன்று நாள் கழித்தும் அதே தாள். முதல் வாரம் அவனுக்கு எரிச்சலாக இருக்கும், ஒன்றுமே தெரியவில்லை என்று தோன்றும். தெரியாதது எது என்று தெரிவதற்கே இத்தனை பாடு என்று சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிடுங்கள். சாயங்காலம் ஒரே ஒரு தடவை, “இன்றைக்கு எது ஞாபகத்துக்கு வரவில்லை?” என்று மட்டும் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு எழுத்துகள் குழம்புகிறது, வாசிக்கவே திணறுகிறான் என்றால் கண்ணையும் வாசிப்புத் திறனையும் பரிசோதிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை யாரும் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளியே வேண்டாம், வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று என் கணவர் சொல்கிறார். உங்கள் கருத்து?

பதில்: முதலில் நீங்கள் இருக்கும் நாட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் முடியும், ஜெர்மனியில் ஏறக்குறைய முடியவே முடியாது. அடுத்ததாகக் கணவரிடம் ஒரு கேள்வி: தினமும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கப் போவது யார்? அவராக இருந்தால் பேசலாம். வேறு ஒருவர், அதாவது நீங்கள் என்றால், முடிவும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளையை ஒருவர் துன்புறுத்துகிறார், பள்ளி கண்டுகொள்ளவில்லை என்பது காரணமானால் பள்ளியை மாற்றுவதே சில சமயம் போதும். வீட்டில் படித்து நன்றாக வந்த பிள்ளைகளும் உண்டு, அவர்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் வேறு பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் பிள்ளைகள் பொறுப்பாக இருக்கிறார்களா? கோபித்துக்கொள்ள வேண்டாம். – ஒரு வாசகர்

பதில்: கோபமே இல்லை, நியாயமான கேள்வி. மகள் பன்னிரண்டு வயதிலேயே தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டாள், அதில் என் பங்கு எதுவும் இல்லை, நான் துவைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. மகனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. அலாரம் இல்லாமலே எழுந்துவிடுகிறான். ஆனால் போன வாரம் அலுவலகத்துக்கு எடுத்துப் போக வேண்டிய ஒரு ஃபைலை வீட்டிலேயே மறந்துவிட்டு எனக்குப் போன் செய்தான், மேசை மேல்தான் இருக்கிறது, கொஞ்சம் கொண்டு வர முடியுமா அம்மா என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். போனை வைத்தபின் கால் மணி நேரம் அந்த ஃபைலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.